எட்டாம் வகுப்பில் கைக்குழந்தைகள்

என் பழைய பள்ளிக்கூடத்தில் இப்போது ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர், போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், வகுப்புல நாப்பது புள்ளைங்க. மூச்சு முட்டுது. ஒங்க காலத்துல எழுவது பேராம்ல? எப்பிடிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார். லுணுகலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "சமாளிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பஸ் பசறையைத் தாண்டும்போதுதான் பாதிப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. எழுபது பேரோடு ஒரு மாதிரி காலம் தள்ளிவிட்டோம். அந்த எழுபது இரண்டே வருடத்தில் பதினைந்தாக ஆகிவிடும். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். அந்த ஆசிரியைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர். அதனால் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது; பண்டாரவளையில் விடுதியில் தங்கிப் படித்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சி. அங்கே சொல்லித்தந்த பாடங்கள் எல்லாம் முப்பது பிள்ளைகளும் நல்ல கரும்பலகையும் உள்ள வகுப்புக்கானவை. அறுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதத்து மழையில், லுணுகலைப் பக்கத்து அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நியமனம் கிடைத்துப் போய் இறங்கினேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்கள் வாசித்தால் புரிந்துகொள்வார்கள்.

எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளி அது. கீழ் வகுப்புகளில் டவுன் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். துணிக்கடை, பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளிமாரின் பிள்ளைகள், நகைக்கடைக்காரரின் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஊழியர்களின் பிள்ளைகள். வகுப்புக்கு இருபது பேருக்கு மேல் தேறாது. ஆறாம் வகுப்பில் கதை வேறு. சுற்றியிருந்த தோட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஒற்றை அறைப் பள்ளியும் ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு அது முடிந்துவிடும். மேலே படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் எங்களிடம்தான் வரவேண்டும். முதல் நாள் காலையில் மலைப்பாதைகள் நாலிலும் கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கி வருவார்கள். காலில் அட்டை கடித்த ரத்தம் வழியும். நான் போன வருடம் என் வகுப்பில் எழுபதுக்கு மேல்.

வாசலில் அதிபர் ஸாலிஹ் சேர் நின்றிருந்தார். பதுளைக்காரர். வெள்ளைக் கால்சட்டை, சாம்பல் நிறக் கோட்டு, மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பொறுமைசாலி என்றும் சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் எரிச்சல் வந்துவிடும், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லமாட்டார். நாயைக் கண்டால் பயம். அது ஊருக்கே தெரியும்.

புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எந்தத் தோட்டம், வழியில் ஆறு குறுக்கிடுமா, வீட்டில் இன்னும் யாராவது படிக்கிறார்களா. பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார். கேட்டு முடித்ததும் தோளைத் தொட்டு, எந்த வாங்கில் உட்கார வேண்டும் என்று காட்டி அனுப்பினார். ஒரு வாங்குக்கு நாலு பேர். ஒரு டவுன் பிள்ளை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு. எல்லா வாங்கும் அப்படித்தான். காரணம் அந்த வாரமே எனக்குப் புரிந்தது. மழையில் ஆறு பெருகினால் தூரத்துப் பிள்ளைகள் நாலைந்து நாள் வரமுடியாது. வந்து உட்காரும்போது விட்டுப்போன பாடம் முழுவதும் பக்கத்திலிருக்கும் டவுன் பிள்ளையின் கொப்பியில் இருக்கும். எழுபது பேருக்கும் நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேலையும் செய்யச் சொன்னார். "எழுபது பேரையும் ஒரே கூட்டமாப் பார்க்காதீங்க டீச்சர். பாதிக்கு வாய், பாதிக்குக் கை. வாய்க்காரங்க விறாந்தையில, கைக்காரங்க உள்ள." அதாவது பாதிப் பிள்ளைகள் விறாந்தையில் உரக்க வாசிக்க, பாதிப் பேர் உள்ளே என்னோடு எழுதுவார்கள். மணி அடித்ததும் இடம் மாறுவார்கள். சத்தம் காதைக் கிழிக்கும். ஆனாலும் ஒரு நாளில் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் ஒரு தடவையாவது பார்க்க முடிந்தது. என் பயிற்சிக் காலத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டொரு வருடம் கழித்து எங்களுக்கு இன்னொரு ஆசிரியர் கிடைத்தார். ஆறாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம் என்றாயிற்று. செய்தி டவுனுக்குள் போனதும் பெற்றோர்கள் சிலர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பள்ளிக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார். பள்ளிக்கு நல்லது செய்தவர். உடைந்த வாங்குகளைத் திருத்துவது, கூரை ஒழுகினால் ஆள் அனுப்புவது எல்லாம் அவர் தயவு. அவருடைய மூத்த மகள் பளீலா என் வகுப்பில் இருந்தாள். நகைக்கடைக்காரரும் கூட வந்திருந்தார்.

"மாஸ்டர், நாங்க தோட்டத்துப் புள்ளைகளுக்கு எதிரி இல்ல" என்றார் ஹாஜியார். "அதுகள் பாவம், நின்டு நின்டு வருதுகள். எங்கட புள்ளைகள் அதுவரைக்கும் காத்துக்கொண்டு ஈக்கிறதா? டவுன் புள்ளைகள் ஒரு வகுப்பு, தோட்டத்துப் புள்ளைகள் ஒரு வகுப்பு. ரெண்டு பக்கத்துக்கும் நல்லது."

ஸாலிஹ் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "பிரிக்கத்தான் போறேன் ஹாஜியார். நாளைக்கு வந்து பாருங்க."

மறுநாள் அவர் வகுப்பின் நடுவில் இருந்த நடைபாதையில் வந்து நின்றார். குடையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். "இடது பக்கத்து வாங்கெல்லாம் இங்கேயே இருக்கட்டும். வலது பக்கத்து வாங்கெல்லாம் பக்கத்து அறைக்கு. வாங்கோட தூக்கிட்டுப் போங்க. ஒருத்தரும் எடம் மாறப்படாது." பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வாங்கின் ஒரு முனையைப் பளீலா தூக்க, மறுமுனையை அவள் பக்கத்தில் உட்காரும் தோட்டத்துப் பெண் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். வாசலில் நின்ற ஹாஜியார் அதைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மகளை விலக்கிக்கொண்டு போய்ப் பதுளையில் சேர்த்துவிட்டார். நகைக்கடைக்காரரின் மகனும் போனான். அந்த வருடம் கூரை ஒழுகியபோது ஆள் வரவில்லை. பிள்ளைகளை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றி உட்காரவைத்துக்கொண்டே மழைக்காலத்தைக் கழித்தேன். ஹாஜியாரும் ஸாலிஹ் சேரும் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. "வெள்ளிக்கிழமைதான் கஷ்டம் டீச்சர்" என்று ஒருநாள் ஸாலிஹ் சேர் சொன்னார். "பள்ளிவாசல்ல பக்கத்துல பக்கத்துல நிக்கணும்."

ஆறாம் வகுப்பில் அப்படி நிரம்பி வழிந்தவர்கள் ஏழாம் வகுப்பில் பாதியாவார்கள். எட்டாம் வகுப்பில் கால்வாசி. போனவர்கள் எங்கே போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பதின்மூன்று வயதானதும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்துவிடுவார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டால் ஒரு பெண் திரும்ப வரமாட்டாள். பையன்கள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள். எட்டாம் வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்ற வருடங்களும் இருந்தன.

எழுபதுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களின் கடவுச்சீட்டுகள் வரத்தொடங்கின. ஒரு லயத்தில் இன்று பாத்திரம் பண்டங்களை விற்பார்கள், அடுத்த வாரம் கதவில் பூட்டுத் தொங்கும். பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதற்கான விடுகைப் பத்திரம் கேட்டு அப்பாக்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு வாங்கில் நாலு பேர் இருந்த இடத்தில் மூன்று, பிறகு இரண்டு. பிரித்த ஆறாம் வகுப்பை மறுபடி ஒன்றாக்கினோம். இடையில் பஞ்சம் வேறு. மரவள்ளிக் கிழங்கோடு வந்து, அதுவும் இல்லாமல் வந்து, பிறகு வராமலே போனார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதியில் நடந்தது. கல்வித் திணைக்களத்திலிருந்து வட்டார அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் பதினைந்து பேராவது இல்லாவிட்டால் அந்த வகுப்பை நடத்த முடியாது, பசறையில் உள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். மூன்றாம் தவணையில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பசறைக்கு பஸ்ஸில் அனுப்பத் தோட்டத்தில் யாரிடமும் வசதி இல்லை. டவுனிலும் வயதுக்கு வந்த பெண்ணை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வாப்பாமார் மனம் ஒப்பமாட்டார்கள். இங்கே எட்டாம் வகுப்பு போனால் இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் படிப்பு ஏழோடு நின்றுவிடும். டவுன் பெண்கள் தனியாகப் பதினைந்து தேறமாட்டார்கள். தோட்டத்துப் பெண்களும் தேறமாட்டார்கள். பையன்களையும் சேர்த்து எல்லாருமாக எங்களிடம் பதினேழு பேர் இருந்தார்கள்.

அந்தத் தவணையின் தொடக்கத்தில் ஆறு பெண்கள் ஒன்றாக நின்றுபோனார்கள். ஆறு பேரும் ஒரே தோட்டம், ஒரே டிவிஷன். அதில் பவளம் என்றொரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. நான் பலகையில் தவறு செய்தால் கையைத் தூக்காமல் தொண்டையைச் செருமுவாள்.

"இந்தியாவுக்குத்தான் போயிருப்பாங்க சேர்" என்றேன்.

"போறவங்க விடுகைப் பத்திரம் கேட்டு வருவாங்க. இதுகள்ல ஒருத்தரும் வரல" என்றார் அவர். "சனிக்கிழமை போய்ப் பார்ப்போம்."

மலையேறிப் போனோம். லயத்துக்கு வந்ததும் நாய்கள் குரைத்தன. ஸாலிஹ் சேர் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். லயத்தின் முன்பக்கத்து ஒடுங்கிய விறாந்தையை அங்கே இஸ்தோப்பு என்பார்கள். அந்த இஸ்தோப்பில் என் எட்டாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு கைக்குழந்தை. ஒன்று இடுப்பில், ஒன்று மடியில், ஒன்று தரையில் தவழ்ந்து கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பவளம் தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பவளத்தின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா மாரியாயி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும்வரை காத்திருந்தோம். வந்ததும் எங்களைப் பார்த்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வெற்றுப் பெட்டியொன்றைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க சேர். டீச்சரம்மா நீங்களும் உக்காருங்க." பிறகு நான் கேட்காமலே சொன்னாள். "அனுப்பமாட்டேன்னா சொல்றேன்? பிள்ளை மடுவத்து ஆயா ஊருக்குப் போயிட்டாங்க. அன்னையிலருந்து மடுவம் பூட்டிக் கெடக்கு. நா மலைக்குப் போனா இவன யாருங்க பாக்குறது?"

அப்போதுதான் விளங்கியது. அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளை மடுவம். அதைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. ஒரு கிழவி இந்தியாவுக்குக் கப்பலேறினாள். ஆறு பெண்களின் படிப்பு நின்றுவிட்டது.

"தொரைகிட்ட கேட்டீங்களா?" என்றார் ஸாலிஹ் சேர்.

"கேட்டோமுங்க. புள்ளைங்க கொறஞ்சு போச்சு, புது ஆள் போட ஏலாதுன்னுட்டாரு."

தோட்டத்து நிர்வாகியான துரையின் பங்களாவுக்கும் போனோம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த சிங்கள இளைஞர் அவர். ஸாலிஹ் சேர் அவரோடு சிங்களத்தில் பேசினார். துரை மரியாதையாகத் தேநீர் கொடுத்தார், மேலிடத்துக்குக் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். அதற்கு எத்தனை மாதமாகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திரும்ப லயத்துக்கு வந்தபோது ஸாலிஹ் சேர் மாரியாயியிடம் சொன்னார். "திங்கக்கிழமை பவளம் வரட்டும். தம்பியையும் தூக்கிட்டு வரட்டும்."

அவள் சிரித்தாள், கேலி செய்கிறார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும், "மூணு கட்டை தூரமுங்க. இந்தத் தடியன இடுப்புல வச்சிக்கிட்டு அவ நடப்பாளா?" என்றாள்.

உள்ளே இருட்டுக்குள்ளிருந்து, "நடப்பேன்" என்று ஒரு குரல் வந்தது.

திங்கட்கிழமை ஐந்து பெண்கள் வந்தார்கள், ஐந்து குழந்தைகளோடு. ஆறாவது பெண்ணுக்கு அதற்குள் பெயர் பதிந்துவிட்டார்கள். அவளை நான் பிறகு வகுப்பில் பார்க்கவே இல்லை.

குழந்தைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியாது. நாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டோம். வகுப்பின் பின்மூலையில் பாய் விரித்தோம். மேலே கூரை வளையில் என் பழைய சேலைகள் இரண்டைத் தொட்டிலாகக் கட்டினோம். ஒரு பாடத்துக்கு ஒரு பெண் பாயில் உட்கார்ந்து ஐந்து குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த பாடத்துக்கு அடுத்தவள். சோற்றைக் குழைத்துப் போத்தலில் கரைத்துக் கொண்டுவருவார்கள். இடைவேளை மணிக்கு முன்னமே அவற்றுக்குப் பசித்துவிடும். ஒன்று அழ ஆரம்பித்தால் ஐந்தும் அழும். நான் பலகையில் எழுதுவதை நிறுத்திக் காத்திருப்பேன். ஒருநாள் தரையில் விரித்திருந்த இலங்கைப் படத்தின் மேல் பவளத்தின் தம்பி போய் உட்கார்ந்தான். ஊவா மாகாணம் முழுவதும் நனைந்துபோயிற்று. வகுப்பே சிரித்தது. பவளம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய முறை கணக்குப் பாடத்தில் வந்துவிட்டால் முகம் இறுகிவிடும். பாயில் உட்கார்ந்து, தம்பியை ஆட்டிக்கொண்டே, பலகையைப் பார்த்தபடி இருப்பாள். மற்றப் பிள்ளைகள் விடை சொல்லும் முன் அங்கிருந்து அவள் விடை வரும்.

அந்த வகுப்பில் ரிஸ்னா என்ற பெண்ணும் இருந்தாள். அதே துணிக்கடை ஹாஜியாரின் இளைய மகள். மூத்தவளைப் பதுளைக்கு அனுப்பியவர், இவளை எங்களிடமே விட்டிருந்தார். பளீலா பெரிய பிள்ளையானதும் பஸ் பயணத்தை நிறுத்தி, படிப்பையும் நிறுத்திவிட்டார்களாம். இளையவளாவது எட்டு முடிக்கட்டும் என்று ஹாஜியாரின் அக்கா சண்டை பிடித்தாராம். விதவை, பிள்ளையில்லாதவர், தம்பியின் வீட்டிலேயே இருந்தார். எல்லாரும் அவரை ஸபியா தாத்தா என்பார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவது.

கடையின் முன் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் வகுப்பு தெரியும். குழந்தைகள் அழுவதை அவர் ஒரு வாரம் கேட்டிருக்கிறார். ஒருநாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வீதியைக் கடந்து, நேரே வகுப்புக்குள் வந்துவிட்டார். நான் பேசுவதற்குள் பவளத்தின் கையிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டார்.

"நீ போய்ப் படி மகள். இவன் எங்கிட்ட ஈக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் வந்தார். விறாந்தையில் உட்கார்ந்து ஐந்தையும் மேய்த்தார். இரண்டு வாரம் ஒரு கரைச்சலும் இல்லாமல் பாடம் நடந்தது.

அப்போதுதான் அதிகாரி வந்தார். சொல்லாமல் வந்தார். விறாந்தையில் ஸபியா தாத்தா ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார், இன்னொன்று அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைத் தாண்டி உள்ளே வந்து, ஆடிக்கொண்டிருந்த தொட்டில்களைப் பார்த்தார்.

"என்ன ஸாலிஹ் இது? நான் என்னத்தை எழுதுறது? எட்டாம் வகுப்பில் தொட்டில் இரண்டு என்று எழுதவா?"

"எழுதுங்க சேர். அதுக்குக் கீழே மாணவர் பதினாறு என்றும் எழுதுங்க."

அதிகாரி ஒவ்வொரு வாங்காக எண்ணினார். பதினாறுதான். "யாருடைய அனுமதியில் இது நடக்குது?"

"என்னுடைய அனுமதியில்."

நான் அவரோடு வேலை செய்த வருடங்களில் அவர் குரல் அன்றுதான் சற்று உயர்ந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தணிவாகவே சொன்னார். "பாடசாலை வளவுக்குள்ள வெளியார் இருக்கக்கூடாது. குழந்தைகளும் இருக்கக்கூடாது. ஒன்றுக்கு ஏதாவது ஆனா நீங்களும் நானும் பதில் சொல்லணும். நாளையிலருந்து வேண்டாம். அடுத்த வாரம் வந்து பார்த்து, வகுப்பைப் பற்றி அப்ப சொல்றேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் குழந்தைகள் இல்லாவிட்டால் ஐந்து பெண்களும் வரமாட்டார்கள். பதினாறு பதினொன்றாகிவிடும்.

பள்ளி விட்டதும் பவளம் வளையிலிருந்து என் சேலைகளை அவிழ்த்தாள். நன்றாக உதறி, மடித்து, மேசையில் வைத்தாள். "அப்ப நாளையிலருந்து வரலைங்க டீச்சர்" என்றாள். அழவில்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற நாலு பேரும் வரட்டும் என்று படியில் நின்றாள்.

அந்த நேரத்தில் ஹாஜியார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வாங்குகளைப் பிரித்த நாளுக்குப் பிறகு அவர் அந்தக் கேட்டுக்குள் வந்ததில்லை. ஸாலிஹ் சேர் அலுவலகத்துக்கு வெளியே வந்து நின்றார். இரண்டு பேரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள்.

"தாத்தா செல்றா, கடைக்குப் பின்னால சாக்கு போட்டு வெச்ச அறை சும்மா கெடக்குதாம்" என்றார் ஹாஜியார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அது வளவுக்குள்ள இல்லத்தானே?"

"இல்லை" என்றார் ஸாலிஹ் சேர்.

"நாளைக்குக் கழுவித் தாரேன். புள்ளைகள் அங்க ஈக்கட்டும். தாத்தாக்கும் பொழுது போகும்." திரும்பிப் போனவர் நின்றார். "நான் ஒளிச்சுச் செல்றதில்ல மாஸ்டர். ரிஸ்னாவ நான் பஸ்ஸில அனுப்பமாட்டேன். இந்த வகுப்பு நிக்கணும். அதுக்குத்தான்."

"எனக்கும் அதுக்குத்தான் ஹாஜியார்."

படியில் நின்ற பவளத்துக்கு அது கேட்டிருக்க வேண்டும். மூன்று மைல் தூரம் நடக்க வேண்டியவள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட் வரைக்கும் ஓடினாள்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். வளவுக்குள் குழந்தை இல்லை, தொட்டில் இல்லை, எட்டாம் வகுப்பில் பதினாறு பேர். வீதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "டவுன்ல குழந்தைகள் அதிகம் போல" என்றார். எட்டாம் வகுப்பு நடக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வருடக் கடைசியில் ஸாலிஹ் சேருக்கு மொனராகலைப் பக்கம் இடமாற்றம் வந்தது. அந்தத் தொட்டில்களுக்கான தண்டனையா, வழமையான மாற்றமா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டேன். கேள்வி பிடிக்காதவர், "அங்கேயும் ஆறாம் வகுப்பு இருக்குமே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவர் போன அன்று பஸ் நிறுத்தத்தில் பெட்டியை மேலே ஏற்றிக்கொடுத்தவர் ஹாஜியார்.

பதினாறு பேரும் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். பவளம் முதலாவதாக வந்தாள். மறு வருடம் சித்திரைக்கு முன்னால், அவர்கள் குடும்பத்துக்கும் கடவுச்சீட்டு வந்துவிட்டது. விடுகைப் பத்திரம் வாங்க அவள்தான் வந்தாள். புதிய அதிபர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நின்ற இடத்திலேயே வரிவரியாக வாசித்தாள்.

"டீச்சர், எட்டு பாஸுன்னு இருக்கு. இதக் காட்டினா அங்க ஒம்பதாவதுல சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க" என்றேன். அங்கே எப்படி என்று எனக்குத் தெரியாது.

"தம்பிக்கும் ஒன்னு குடுங்க டீச்சர். அவனும்தான் எட்டாவது படிச்சான்" என்றாள். அவள் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தம்பி அப்போது நன்றாக நடப்பான். எதிர்க்கடைக்கு ஓடி ஸபியா தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டான், பிரித்தெடுக்கப் பெரும்பாடாகிவிட்டது.

பிறகு காலம் மாறியது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. சிலவற்றில் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் வந்தன. எங்களிடம் இறங்கி வந்த கூட்டம் குறைந்தது. ஒரு வாங்குக்கு மூன்று பேர், அதுவும் நிம்மதியாக. மடுவத்துக்குப் புது ஆயா போட்டார்கள். ஸபியா தாத்தாவின் அறையில் மறுபடி சாக்குகள் ஏறின.

எண்பதுகளில் ஒருநாள், அதே டிவிஷனிலிருந்து இந்தியா போய், உறவினரைப் பார்க்க வந்திருந்த ஒருவர் கடைத்தெருவில் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். கூடலூர்ப் பக்கம் குடியேறியிருக்கிறார்களாம். அங்கேயும் தேயிலைதானாம். மாரியாயியும் பிள்ளைகளும் அவருடைய வீட்டு வரிசையில்தான் இருந்தார்களாம்.

"பவளம் என்ன ஆனா? ஒம்பதாவது சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் அலையவுட்டாங்க டீச்சர். அப்பறம் சேத்துக்கிட்டாங்க. நாங்க வேலைக்குப் போற நேரம் அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவும்."

"பாஸானாளா?"

"அதுக்குள்ள நாங்க வேற எடம் போயிட்டோமுங்க, தெரியல" என்றார். பிறகு, எனக்கு அது போதவில்லை என்று முகத்தில் கண்டிருப்பார் போல. "ஆனா ஒன்னு டீச்சர். கைல புள்ள இல்லாம, பொத்தகப் பைய மட்டும் தோள்ல மாட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் வீசிக்கிட்டுப் போவும்."